காற்று எந்தப் பக்கம்

பழைய துணிதுவைக்கும் எந்திரத்தின் வயிறு அது.
உடம்பெல்லாம் ஓட்டை, அடியில் மூன்று செங்கல்.
"கடையில் இதையே நானூறு வெள்ளிக்கு விற்கிறான்"
என்றான் மைத்துனன் திலகன்.
ரெலாவில் எங்கள் வீட்டுப் பின்புறம்
பத்தடிக்குப் பன்னிரண்டடி.
அதில் ஒரு முருங்கை, ஒரு கேஸ் தோம்பு,
இப்போது ஒரு நெருப்பு.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
புகைந்தது.
மழையில் ஊறிய பாலெட் கட்டை
நெருப்பே இல்லாமல் அரைமணி நேரம் புகைந்தது.
நாங்கள் இருமி, சிரித்து, அட்டையால் விசிறி,
பாட்டுச் சத்தத்தைக் கூட்டினோம்.

அதையும் மீறிக் கேட்டது.
டக்.
சுவருக்கு அப்பால், நோர்ஹசிமாவின் அடுக்களைச் சன்னல்.
டக். குளியலறை.
கொஞ்சம் பொறுத்து, மாடியில்,
பிள்ளை படுக்கும் அறை.

வையவில்லை. எட்டிப் பார்க்கவில்லை.
ஒரு வார்த்தை திட்டியிருந்தால்
நானும் இரண்டு திட்டிவிட்டு
நிம்மதியாகக் கோழி தின்றிருப்பேன்.

ஞாயிறு காலை அவர் கொடியில்
நேற்றுக் காய்ந்துகொண்டிருந்த அதே மூன்று பள்ளிச்சட்டை,
அதே வெள்ளைத் தூடோங்,
மறுபடி சொட்டிக்கொண்டிருந்தன.

அடுத்த சனிக்கிழமைக்குக்
காய்ந்த பக்காவ் கரி வாங்கினேன்.
எந்திர வயிற்றை முருங்கைப் பக்கம் உருட்டினேன்.
விரலை நக்கி நீட்டிக் காற்றை விசாரித்தேன்.
"பெரிய மீன்பிடிக்காரன்" என்றான் திலகன்.
பிறகு கைப்பேசியில், மூன்று முறை அழித்து எழுதினேன்:
எட்டு முதல் பத்து வரை நெருப்பு மூட்டுகிறோம்.
துணி இருந்தால் எடுத்துவிடுங்கள்.
புகை வந்தால் சொல்லுங்கள், அணைத்துவிடுகிறேன்.
(மலாயில்தான் எழுதினேன்.
தமிழில் அணைப்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு.)
பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது.

ஒன்பதே காலுக்குக் காற்று கட்சி மாறியது,
கடல் பக்கமிருந்து, சொல்லாமல் கொள்ளாமல்.
அந்த 'டக்' கேட்பதற்குள்
மணலை அள்ளிக் கொட்டினேன்.
பாதி வெந்த இறக்கைகளைத் திலகன்
துக்க வீட்டில் நிற்பவன்போல் பார்த்தான்.
மீதியைக் குவாலியில் பொரித்தாள் தவமலர்.
சுமார்தான்.

மறுநாள் மதியம்
அடுக்களை, குளியலறை, மாடி
எல்லாம் திறந்தே கிடந்தன.
நோர்ஹசிமா பெலாச்சான் வறுத்தார்.
அந்த நெடி சுவரேறிக் குதித்து
நேரே எங்கள் சோற்றுத் தட்டில் உட்கார்ந்தது.
ஏழு முறை தும்மினேன்.
சன்னலைச் சாத்த எழுந்த திலகனை
"உட்கார்" என்றேன்.