அடியில் என்ன

எட்டு கஜம் கம்பளி.
இடுப்பை ஒருமுறை சுற்றி
பின்புறம் முழுக்கக் கொசுவமாய் மடிந்து
மறுபடி முன்னால் வந்து நிற்கும்.
சர்ச்சின் பழந்துணி விற்பனையில்
பன்னிரண்டு டாலருக்கு வாங்கினேன்.
தூக்கிப் பார்த்தேன், அதன் கனம் பிடித்திருந்தது.
வேறு காரணம் கேட்காதீர்கள்.
கேட்கிறார்கள்.

"எந்தக் குலம் நீங்கள்?"
தபால் நிலைய வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்.
என் பெயர் ஆர்வோ லெஹ்தோனென்.
என் பாட்டன்மார் பின்லாந்தில்
உருளைக்கிழங்கு பிடுங்கியவர்கள்,
ஸ்காட்லாந்தை வரைபடத்தில்கூடத் தேடாதவர்கள்.
சொல்லி முடித்ததும் அவர் முகம்
விலாசம் தப்பி வந்த பார்சல்போல்
என்னைத் திருப்பி அனுப்பியது.

"எங்கே கல்யாணம்?"
கல்யாணம் இல்லை, பால் வாங்கப் போகிறேன்.
"பைப் வாசிப்பீர்களோ?"
பைப்பில் அடைப்பு எடுப்பேன்.
அதுதான் தொழில்,
இருபத்தாறு வருஷமாக.

தண்டர் பே நகரத்து அக்டோபர்.
ஏரியிலிருந்து வருகிற காற்றுக்கு
கூச்சநாச்சம் கிடையாது.
முன்மடிப்பை ஒரு கையால் அழுத்திக்கொண்டு
தெருவைக் கடக்கப் பழகினேன்.
சிக்னலில் நின்ற லாரி ஹாரன் அடித்தது.
பாராட்டோ கேலியோ,
ஹாரனுக்கு ஒரே சுருதி.

"பாவாடைக்காரருக்கு நாலங்குல ஆணி இருபது!"
இரும்புக்கடைக்காரர் உள்ளே குரல் கொடுத்தார்.
வீட்டில் எண்ணிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு இருந்தது.
இன்றுவரை யோசிக்கிறேன்.

மருந்துக்கடையில் இரண்டு பெண்கள்
சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.
இருமல் மருந்து அலமாரி
பக்கத்திலேயே இருந்தது வசதி.

அப்புறம் அந்தக் கேள்வி.
வங்கிக் காவலாளி கேட்டார்.
பக்கத்து வீட்டு மைத்துனர் கேட்டார்.
பல் டாக்டர்
என் வாய்க்குள் இரண்டு கருவிகளை விட்டுக்கொண்டு
கேட்டார்: "அடியில் என்ன?"
பதில்கள் தயாராய் வைத்திருந்தேன்.
ஒரு ஜோடி பூட்ஸ்.
இரண்டு முழங்கால், இடதுக்கு மழை வந்தால் வலிக்கும்.
ஜனங்கள் சிரிப்பார்கள். நானும்.

சனிக்கிழமை ராத்திரி, மதுக்கடை.
ஜன்னலோர மேசையில் யாருக்கோ பிறந்தநாள்.
பின்னாலிருந்து ஒரு கை.
தொடையில் குளிர் ஏறிய பிறகுதான்
என்ன நடந்தது என்று புரிந்தது.
மேசை முழுக்கக் கைதட்டியது.
நான் சிரித்தேன்.
கடன்காரனைத் தெருவில் பார்த்தவன் சிரிப்பதுபோல்
அந்தச் சிரிப்பு
எனக்கு முன்பே வந்து நின்றது.

ரொஷெல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
"சிரித்தீர்களா?" என்றாள், நிமிராமல்.
ஆமாம்.
"நானும் அப்படித்தான்."

பதினொரு வருஷமாக அவள் அங்கே வேலை செய்கிறாள்.
பதினொரு வருஷமாக நான் அங்கே சாப்பிடுகிறேன்.
எத்தனை கைதட்டலில்
என் கையும் இருந்தது என்று
எண்ணத் தொடங்கி
சூப் ஆறுவதற்குள் நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரம் கால்சட்டை போட்டேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்,
நான் கண்ணாடிக் கதவு.
இரும்புக்கடையில் ஆணி சரியாக இருபது.

வியாழக்கிழமை மறுபடி கட்டிக்கொண்டேன்.
வீரம் ஒன்றுமில்லை,
துவைத்துப் போட்டது அது ஒன்றுதான் காய்ந்திருந்தது.

பேருந்தில் எதிர் இருக்கையில் ஒரு சிறுமி,
ஐந்து வயது இருக்கலாம்.
கொசுவத்தை எண்ணினாள்போல, உதடு அசைந்தது.
நான் பதில்களைத் தயார் செய்தேன்.
"இதில் பாக்கெட் இருக்கா?"
இல்லை. இந்தத் தோல் பைதான்.
"அப்போ கை குளிர்ந்தா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.
கைகளைப் பார்த்தேன்.
நரம்பு நீலமாய்
மடியில் சும்மா கிடந்தன.

அவள் தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.
மஞ்சள். கட்டைவிரலில் ஓட்டை.
என் விரல் இரண்டுதான் நுழைந்தது.
அவள் அம்மா போனிலிருந்து தலைதூக்கி
என் முழங்காலைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் இறங்கும் இடம் வரை
போட்டுக்கொண்டிருந்தேன்.