மைக் செட் பாக்கி

பிலவேந்திரன் எனக்குத் தர வேண்டியது
இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
நோட்டில் இருக்கிறது.
முத்தியால்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ
முன்பணம் வாங்காமல் நான் வயர் சுற்றைப் பிரிக்க மாட்டேன்.
அவனுக்குப் பிரித்தேன்,
பதினாறு வருஷம்.

அவன் அப்பா சொல்தா.
பிரெஞ்சுக்காரன் சண்டைக்கு சைகோன் போய்
வலது கால் விரல் மூன்றை அங்கேயே விட்டு வந்தவர்.
ஜூலை பதினாலு, கடற்கரைச் சாலையில்
மெடல் குத்தி நிற்பார்
ஷூவுக்குள் துணி அடைத்து.
அந்தப் பென்ஷனில்தான் வீடு,
அந்தப் பென்ஷனில்தான் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம்,
அந்தப் பென்ஷனில்தான் இவன் கிதாரும்.
முதல் பாட்டே அதைத்தான் கட்டினான்:
அப்பா விதைத்தது மூன்று விரல்,
எனக்கு முளைத்தது ஆறு தந்தி.
கிழவர் முன்வரிசையில் இருந்தார்.
எழுந்து போகவில்லை, கைதட்டவுமில்லை.
முதல் தேதி பென்ஷன் வந்ததும்
தந்தி மாற்றக் காசு கொடுத்தாராம்.

கடலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த வாரம்
மைதானத்துக்கு வெளியே டெம்போவை நிறுத்திப் பாடினான்.
விடியற்காலை நாலு மணி. பனி.
ஓடி முடித்து மூச்சிரைக்க நின்ற பையன்,
நெஞ்சில் சாக்பீஸால் எழுதிய எண் வியர்வையில் கரைய,
முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:
“அண்ணே, பாட்டு சூப்பர்.
உங்ககிட்ட வேலை எதுனா இருக்கா?”
திரும்பி வரும்போது தவளக்குப்பம் வரை
பிலவேந்திரன் பேசவில்லை.
அன்றைக்குத்தான் போலீஸ் ஒரு ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொண்டது.
அந்தக் கணக்கும் பாக்கியில் சேர்த்தி.

அப்புறம் அந்த மே மாதம்.
குறிஞ்சிப்பாடி முகாமில், தகரக் கொட்டகைகளுக்கு நடுவே
குழாய் ஸ்பீக்கர் கட்டினேன்.
எல்லா ஊரிலும் கூட்டமே சேர்ந்து பாடும் வரியை
இங்கேயும் எடுத்தான்:
துப்பாக்கியைக் கீழே வையடா தம்பி.
யாரும் சேரவில்லை.
தண்ணீர்க் குடத்தை இடுப்பில் இருந்து இறக்காமலே
ஒருத்தி கேட்டாள்:
“எந்தத் தம்பிக்குச் சொல்லுறீங்கள்?
எனக்கு ரெண்டு தம்பி.
ஒருத்தனை வீட்டில இருந்து இழுத்துக்கொண்டு போய்த்தான்
துவக்குக் குடுத்தவங்கள்.
மற்றவன்ர கையில இருந்தது
பாண் வாங்கின பை.”
மைக் ஊளையிட்டது. நான் வால்யூமைக் குறைத்தேன்.
குறைக்க வேறெதுவும் என் கையில் இல்லை.

அந்தப் பாட்டை அவன் விடவில்லை.
அந்த வரியை விட்டுவிட்டான்.
இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும்,
கிதார் மட்டும் எட்டு தட்டு போகும்,
மறுபடி பாட்டு.
ஊர் ஊராக ஜனம் என்னைப் பார்த்துக் கத்தியது:
“யோவ், மைக் செட்டு! லைன் கட்டாயிடுச்சு பாரு!”
எழுந்து போய் வயரை அசைத்துப் பார்ப்பதாக
நடிக்கப் பழகிக்கொண்டேன்.

தொண்டையில் கட்டி என்றார்கள்.
ஜிப்மரில் நாலு மாதம்.
உப்பளம் கல்லறையில் மைக் வேண்டாம் என்று
எழுதியே வைத்திருந்தான்.

நேற்று அவன் மகள் ஜெசிந்தா வந்தாள்,
நோட்டைக் கேட்டாள், எண்ணிக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்; தொழில்.
நாற்பது ரூபாய் குறைந்தது.
“நாளைக்குத் தரேன் அங்கிள்.”
அவசரமில்லை என்றேன்.

ஷட்டரை இறக்கும் முன்
அவன் வழக்கமாகக் கேட்கும் மைக்கைச் சொருகி
விரலால் தட்டினேன்,
எட்டு தட்டு.
லைன் சரியாகத்தான் இருக்கிறது.