பூச்சியத்தில் நிற்பது

ஒன்று இருபதுக்குக் கரண்ட் போனது.
கொம்பிரசர் இருமி, இன்னொருமுறை இருமி,
அடங்கியது.
திருக்கடலூர் ஐஸ் தொழிற்சாலையில்
ஆறு வருசமாய் எனக்குக் கேட்காத கடல்
சுவருக்கு அப்பால் கேட்டது.

கச்சான் அடிக்கிற ஆவணி.
தார் றோட்டு செருப்பைப் பிடித்து இழுக்கும்.
களஞ்சிய அறையில் நூற்றிப்பத்துக் கட்டி.
அரைமணிக்கொருக்கா
கதவின் கண்ணாடித் துவாரத்தால் வெப்பமானியைப் பார்த்து
நான் கொப்பியில் எழுதவேண்டும்.

சய நான்கு.
சய இரண்டு.
பூச்சியம்.
மூன்று மணிக்கும் பூச்சியம்.
மூன்றரைக்கும்.

கந்தோரிலிருந்து அருள்வேந்தன் போன் எடுத்தார்:
"பூச்சியத்திலதானே நிக்குது, துஷ்யந்தி,
பிறகேன் பதறுறீர்?"

நிற்பது முள்.
வடிகாலில் தண்ணீர் போகிற சத்தத்தை
போனில் எப்படிக் காட்டுவது?

கதவிடுக்கால் நுழைகிற வெயிலையெல்லாம் வாங்கி
வாங்கியதை முகத்தில் காட்டாமல்
கட்டி தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டிருந்தது.
ஒரு கிலோ ஐஸ் உருகத் தின்கிற வெப்பம்
உருகின தண்ணீரை எண்பது பாகைக்கு ஏற்றும்.
அதில் தேயிலை போட்டால் சாயம் இறங்கும்.
மறைவெப்பம் என்று படித்தோம்.
எங்கே போய் மறைகிறது என்று கேட்டதற்கு
பௌதிக ரீச்சர்
"சோதினைக்கு வராது" என்றா.

காவலாளி நாகூர்மீரான்
ஆவி பறக்கத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.
"இண்டைக்கு இஞ்ச ஆகச் சூடான சாமான் இதுதான், தங்கச்சி."
ஆகச் சூடானது, ஓம்.
ஆனால் வெளியே இருபத்தொன்பது பாகையில்
சும்மா படுத்திருக்கிற குடா
எத்தனை கோடிக் கோப்பைகளின் வெப்பத்தை வைத்திருக்கிறது!
விரலை வைத்தால் சுடாது, அவ்வளவுதான்.

ஐந்தேகாலுக்கு மரியநாயகத்தின் வள்ளம்.
எட்டுச் சூரை,
ஒவ்வொன்றும் என் தங்கையின் மகன் அளவு.
ஊசி வெப்பமானியைச் செவுளுக்குப் பின்னால் குத்தினேன்.
முப்பத்திரண்டு.
கடலைவிட மூன்று கூட.
தூண்டிலோடு முக்கால் மணி நேரம் இழுபட்டதெல்லாம்
செத்த பிறகும் தசைக்குள் கிடந்தது.
அந்த இடத்தில்
கையைக் கொஞ்சம் கூடநேரம் வைத்திருந்தேன்.

பிறகு வேலை.
கட்டியை உடைத்து, சவளால் அள்ளி,
வயிற்றுக்குள், முதுகுக்கடியில், மீனுக்கு மீன் நடுவே.
சவளின் இரும்பு கடித்தது.
அதே அறையில் அதே பூச்சியத்தில் கிடந்த மரப்பிடி
கடிக்கவில்லை.
இரும்புக்குப் பறிக்கிற அவசரம் கூட.

"கையெல்லாம் குளிர் ஏறுது" என்று
மரியநாயகம் விரல்களை உதறினார்.
ஏற ஒன்றுமில்லை, அண்ணே.
குளிர் என்று ஒரு சாமான் எங்கும் இல்லை.
உங்களுடைய சூடுதான்
உங்களிடமிருந்து போகிறது,
மீனுடையது போவதுபோல, ஐசுக்கு.
இதை நான் சொல்லவில்லை.
சாக்கொன்றை எடுத்துக் கொடுத்தேன், கை துடைக்க.

நூற்றிப்பத்தில் எண்பத்தெட்டு மிஞ்சியிருந்தது,
அதிலும் மூலை இல்லாத கட்டிகள்,
சவர்க்காரம்போல வழவழத்து.
மரியநாயகத்துக்குக் காணும்.
சல்லியிலிருந்து இரவு வருகிறவர்களுக்குக் காணாது.

ஏழுக்குக் கரண்ட் வந்தது.
கொப்பியில் அன்றைய பக்கம்:
நேரம், வெப்பநிலை, கையொப்பம்.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
ஒன்றுமே நடக்காத நாளைப்போல.
அடிமட்டம் வைத்து இன்னொரு கோடு கீறினேன்.
அந்த நிரலுக்கு என்ன பெயர் வைப்பதென்று யோசித்து
வைக்காமல்
இருபத்திரண்டு கட்டி என்று மட்டும் எழுதினேன்.
அருள்வேந்தன் கேட்பார். கேட்கட்டும்.

மேசையில் தேத்தண்ணி
அறையின் சூட்டுக்கு வந்திருந்தது.
போன மிச்சம் இங்கேதான், இந்தக் காற்றில்,
சுவரில், என் சட்டையில் எங்கோ.
பொறுக்கித் திருப்பிப் போடவா முடியும்?
ஆறினதைக் குடித்தேன்.
சீனி அடியில் கிடந்தது.