பாதிப் பிடி

வாடை தொடங்கி எட்டாம் நாள்
திருக்கடலூர்க் கரையில் பிலேந்திரனின் வலையில்
சூடை மீனோடு ஒரு துப்பாக்கியும் வந்தது.
சரியாகச் சொன்னால், துப்பாக்கியின் பூட்டு மட்டும்.
மரத்தைக் கடற்புழு தின்றிருந்தது.
குழல் எங்கே கிடக்கிறதோ.
சிப்பி ஒட்டி, துரு ஊதி,
பார்வைக்குக் கருகிய பாண் துண்டு.

இந்த ஊரில் யாரும்
துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை.
ஈரச் சாரத்தோடேயே பொலிசுக்குப் போனான்.

சார்ஜன்ட் விதானகே படிவம் எடுத்தார்.
வகை. இலக்கம். செய்த நாடு.
இயங்கு நிலையில் உள்ளதா: ஆம் / இல்லை.
அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான்
சந்தையடியில் லைட்டர் திருத்தும் என்னைச்
சைக்கிளோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

மண்ணெண்ணெய் தடவி, கோணியூசியால் குத்தி
மத்தியானம் மட்டும் துருவோடு மல்லுக்கட்டினேன்.
முதலில் கிண்ணி தெரிந்தது,
நாலு கச்சான் கொட்டை கொள்ளும் பள்ளம்.
பிறகு வளைந்த கழுத்து. பிறகு வாய்.

பாருங்கோ சேர், இது குதிரை.
வாயில் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்குது.
பின்னால் இழுத்தால் உள்ளே வில் இறுகும்.
விசையைத் தொட்டதும் முன்னுக்குப் பாயும்,
கல் இந்த உருக்குத் தகட்டைச் சுரண்டும்,
அந்த அடியிலேயே தகடு மல்லாந்து கிண்ணி திறக்கும்,
பொறி மருந்தில் விழும்.
கிண்ணித் தீ ஓர் ஊசித்துளையால் நுழைந்து
குழலுக்குள் படுத்திருக்கும் பெரிய மருந்தை
வாறியா என்று கேட்கும்.
சிலவேளை அது வராது.
வெளியே சுவாலை, உள்ளே ஒன்றுமில்லை,
சுட்டவனின் புருவம் மட்டும் கருகும்.

மழைக்கு?

மழைக்கு இது வெறும் பொல்லு சேர்.

(சொல்லும்போது எனக்கு ஒருவன் தெரிந்தான்.
கோட்டை மதிலில், மார்கழி இரவில்,
பூட்டின் மேல் தோல்துண்டைச் சுற்றி
இருமிக்கொண்டு கொட்டியாரக் குடாவைப் பார்க்கிறான்.
ஆரோ கூலிக்குக் கொண்டுவந்தவன்.
மழை விடக்கூடாது என்று
எந்தப் பாஷையில் நேர்ந்தானோ.)

லைட்டரில் எரிவது கல்.
சில்லு சுரண்டச் சுரண்டத் தேய்ந்து பொறியாகும்,
தேய்ந்தால் மாற்ற வேண்டும், அதுதான் என் சோறு.
இது மறுவளம். இங்கே கல் வெட்டும், அவ்வளவுதான்.
பறப்பது உருக்கின் சீவல்.
எரிவது இரும்பு.
இருபத்தாறு வருசமாய்
பொறியைக் கல்லின் பிள்ளை என்றே நினைத்திருந்தேன்.

அரத்தை எடுத்துக் கல்லின் விளிம்பில் ஓர் இழுவை.
பளிச்.
உப்பில் எத்தனை காலம் கிடந்தது என்று
கல்லுக்குத் தெரியவே இல்லை.
விதானகேயின் கதிரை பின்னுக்குப் போனது.
வாசலில் நின்ற பொடியனின் கை,
ஒருவரும் சொல்லாமலே, தோளில் தொங்கியதைத் தேடியது.
என் தலையும் தாழ்ந்தது. என் கையால் வந்த பொறிக்கு.

அப்போதுதான் கவனித்தேன்,
குதிரை முழுக்க இழுபடவில்லை, இறங்கியும் இல்லை.
நடுவில் ஒரு வெட்டு இருக்குது சேர், பாதிப் பிடி.
அதில் நிறுத்தினால் விசையை அமத்தினாலும் பாயாது.
மருந்து நிரப்பி, தோளில் போட்டு
ஊருக்குள் நடக்கும்போது இப்படித்தான் வைப்பினம்.

அப்போ, பயமில்லை?

பயமில்லை.
அந்த வெட்டுத் தேயும்வரை.

அவர் பேனையின் பின்பக்கத்தைக் கடித்தார்.
கடற்காற்று தாளைத் தூக்கியது, முழங்கையால் அமத்தினார்.
பிறகு ஆமையும் வெட்டாமல் இல்லையையும் வெட்டாமல்
நடுவில் நின்ற சாய்கோட்டுக்கு
ஒரு வட்டம் போட்டார்.

மூலை வாங்கில் சாரம் காயக் குந்தியிருந்த பிலேந்திரன்
அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தான்.
வலை பத்துப் பாகம் கிழிஞ்சு போச்சு ஐயா.
அதை எந்தக் கட்டத்தில எழுதுறது?

சார்ஜன்ட் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கத்திலும்
துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்டிருந்தது.