மறுகால்

பலகை மணப்பாட்டிலிருந்து உப்பு லாரியில் வந்தது.
ஒன்பதடி. மூக்கில் ஒரு ஒட்டு.
விற்றவன் சொன்னது இவ்வளவுதான்:
மெதுவாத்தான் திரும்பும்,
அவசரப்படுத்தினா கோவிச்சுக்கும்.

எலியார்பத்தி சுங்கச்சாவடியில்
ஃப்ரீசர் பெட்டி மூடியா என்றார்கள்.
பழங்காநத்தத்தில் இறக்கும்போது
எந்த வீட்ல துட்டி என்று
எழுந்தே வந்துவிட்டார் பூக்கடை பெரியகருப்பன்.
நல்ல விசயம்தாண்ணே என்றேன்.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்புறம் பதினோரு மாசம்
என் பஞ்சர் கடையில், பழைய டியூப்களுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்து நின்றது.
கடல் இல்லாத ஊர்.
வைகையை நம்பி யாரும் பலகை வாங்க மாட்டார்கள்.
நான் வாங்கியிருந்தேன்.

ஐப்பசி இருபது.
ராத்திரி முழுக்க அடித்த மழையில்
மாடக்குளம் கண்மாய் விடியலில் கலுங்கு தாண்டியது.
சிக்கந்தர் ஷேர் ஆட்டோவின் தலையில் பலகையைக் கட்டினான்.
செல்வமேரி ஸ்கேன் சென்டருக்கு லீவு சொன்னாள்.
காரணம் கேட்டார்கள்.
மறுகால் பாயுது சார்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, சரிம்மா.

கலுங்குக்குக் கீழே, சிமெண்டுத் தளம் முடிகிற இடத்தில்
தண்ணீர் ஒருமுறை முதுகை வளைத்து எழுகிறது.
எழுந்து, அங்கேயே நிற்கிறது.
ஆகாயத்தாமரை, தெர்மாகோல் துண்டு,
யாருடையதோ ஒற்றைச் செருப்பு
எல்லாம் அதில் ஏறி இறங்கிப் போகின்றன.
அது மட்டும் போகவில்லை.

கடலில் அலை போகும், கூடவே நாமும் போவோம்.
இங்கே போவது தண்ணீர்தான்.
பலகை படிந்ததும் உள்ளங்காலில் ஒரு நடுக்கம்,
அப்புறம் அதுவும் அடங்கி
கரையில் வேப்பமரம் அதே இடத்தில்
பசுமலை அதே இடத்தில்
நான் அதே இடத்தில்
எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்!

செல்வமேரி நடப்பாள்.
வரப்பில் எதிரே ஆள் வந்த மாதிரி ஒருக்களித்து
காலைத் தாண்டிக் கால் வைத்து, நாலே எட்டு, மூக்கு வரைக்கும்.
விரல் பத்தும் விளிம்புக்கு வெளியே தொங்க
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்,
பேங்கில் டோக்கன் வாங்கியவள் போல.
சிக்கந்தருக்கு நடக்க வராது.
உட்கார்ந்தே போவான், ஆட்டோ ஓட்டுகிற அதே சாய்வில்.
விழுவான்.
தண்ணீருக்கு முன்னால் சிரிப்பு வந்து சேரும்.

ஒரு பலகை, மூணு பேர்.
டீ குடித்து முடித்தவர் அடுத்து.
சட்டம் அவ்வளவுதான், அதையும் யாரும் மதிக்கவில்லை.

மதியம் ஃப்ளெக்ஸ் கடை சோலைராஜா வந்தான்.
கரையில் சேர்ந்திருந்த கூட்டத்தை எண்ணினான்.
"போட்டியா வச்சுருவோம்ணே.
மொதப் பரிசு பீரோ. ரெண்டாவது கட்டில்.
நின்ன ஆளுக்கெல்லாம் அண்டா."
இந்தப் பக்கம் எதைப் பிடித்தாலும் அண்டா உண்டு,
மாட்டை, வடத்தை, வழுக்குமரத்தை.
"இப்போதைக்கு யாருண்ணே ஃபர்ஸ்ட்டு?"
மூணு பேரும் யோசித்தோம்.
உண்மையாகவே யோசித்தோம்.
செல்வமேரி சொன்னாள்: தண்ணி.

அவன் விடுகிற ஆளில்லை.
ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு
போனைச் சட்டைக்குள் சுருட்டிக் கல்லில் வைத்து
நான் நின்னு காட்டுறேன் என்று இறங்கினான்.
நிற்கவில்லை.
இடுப்பில் கயிறோடு குப்புறப் படுத்து
தாடையைப் பலகையில் பதித்துக்கொண்டான்.
முகத்துக்கு ஒரு சாண் கீழே கண்மாய் முழுக்க ஓடியது.
எனக்குத் தெரிந்து அவன் பேசாமல் இருந்தது
அந்தக் கொஞ்ச நேரம்தான்.
டீ குடிக்காமலே மறுபடி ஏறினான்.
மறுபடியும்.
விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனான்,
பீரோவைப் பற்றிப் பேசவில்லை.

ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.
"அண்ணே, அதை நிறுத்த மறந்துட்டேன்.
ஒம்போது மணி நேரம் பதினேழு நிமிசம்னு காட்டுது."
அவன் பக்கமும் மழை பெய்துகொண்டிருந்தது.
"நிறுத்திரவாண்ணே?"

வேணாம்டா.
ஓடட்டும்.