நான்காம் எண் காணவில்லை

லாபிஸ் செம்பனை ஆலை,
கிடங்குத் தகரக் கூரைமேல் ஒரு மரச்சட்டம்.
துணிக் கவ்விகளில் ஐந்து பட்டைகள்.
"யாரோட கோவணம் இத்தனையும்?"
லோரி பரசு தினமும் கேட்பான்,
தினமும் அவனே சிரிப்பான்.

ஒன்று, பழம் உதிர்ந்த குலைச் சக்கை.
இரண்டு, தேங்காய் நார். மூன்று, கெனாஃப்.
நான்கு, பொந்தியான் அன்னாசி இலையில் உருவிய
வெள்ளை இழை.
ஐந்து நைலான். ஒப்பிட.

என் வேலை வெயிலில் விடுவது,
மழையில் விடுவது,
மாதம் ஒரு துண்டு நறுக்கி
பொறியின் இரு தாடைக்கும் கொடுத்து
அறுகிற சத்தத்தைக் கேட்பது.
அன்னாசி 'டக்'. பேச்சே கிடையாது.
தேங்காய் நார் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்து
கடைசி இழைவரை
பாசார் மாலாமில் போல் பேரம் பேசும்.

வெயில் முதலில் தின்பது நிறத்தை.
நாரை நாரோடு பிடித்திருக்கும் பழுப்புப் பசையை
(படிவத்தில் லிக்னின்)
பகல் உடைக்கும்,
நாலு மணி மழை கழுவிக்கொண்டு போகும்.
மிஞ்சுவது சாம்பல் நிறத்தில்
சிக்கெடுக்காத தலை.

நைலான் மட்டும் போட்ட நாள் மாதிரியே.
ஒன்பதாம் மாதம் தடவினேன்,
விரலெல்லாம் வெள்ளைப் பொடி.
கூரையிலிருந்து பீலியில் இறங்கி
அது எங்கே போகிறதென்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

பத்தாம் மாதம் நான்காம் எண் காணவில்லை.
கவ்வி இருக்கிறது, கடித்த வாயோடு.
பரசு சாமி மேல் சத்தியம் செய்தான்.

மூன்று நாள் கழித்து, டயருக்குக் காற்றடிக்க நின்ற
மோட்டார் கடைப் பலகையில்
'ஓ' எழுத்தின் வயிற்றுக்குள் மைனாக் கூடு.
வெளியே தொங்கியது என் மாதிரி.

ஏணி வாங்கி ஏறினேன்.
தலைக்குமேல் மைனா வைத வசவு
மூன்று மொழியிலும் இல்லாதது.
இரண்டு விரல் அளவுதான் உருவினேன்.
அடியில் நீல முட்டைகள்,
எண்ணவில்லை.

இழுத்துப் பார்த்தேன்.
அங்கே போன பின் ஒன்றும் குறையவில்லை.
வெயில் எட்டாத, சாரல் தொடாத இடம்.

"சோதனை நிலைமைக்கு வெளியே, அடித்துவிடு தனபாக்கியம்,"
என்றார் என்சிக் ரஸ்லான்.
அடித்தேன். கோடு கொஞ்சம் வளைந்தது.
குறிப்புக் கட்டத்தில் மட்டும்
'நிழலில், பாரத்தோடு, தாங்குகிறது.'

ஏணியை இன்னும் திருப்பித் தரவில்லை.
உருவியதற்குப் பதிலாக
சட்டத்தின் ஓரத்தில், எண் போடாமல்,
ஒரு கைப்பிடி தேங்காய் நார் செருகிவைத்தேன்.
இன்று காலை பாதி இல்லை.