ஆறப் பொறுத்தல்

ஒரு வாரமாய்க் கார் சத்தம் போடவில்லை.
சந்தே பாராட்டியது.
"தையல் மெஷினாய் இருந்தது,
இப்போது பூனை" என்றார்
மேல்வீட்டு எவோதியோ.
டூபா வாசிக்கிறவர், காது நல்ல காது.
நான் மட்டும் தூங்கவில்லை.

தொண்ணூற்றொன்றில் பிறந்த வோச்சோ.
முதுகில் என்ஜின் சுமக்கும் வண்டு,
நிறம் ஒருகாலத்தில் பச்சை.
இதன் வால்வுகள் சளசளக்கும்வரை கவலையில்லை.
வாயை மூடிக்கொண்டால்
உள்ளே ஏதோ கருகுகிறது.

இடைவெளியைச் சரிசெய்ய
கையேட்டில் ஒரே நிபந்தனை:
என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு.
அட்டையை விரித்து, அடியில் புகுந்து
மூடியின் கம்பிக்குள் ஸ்க்ரூடிரைவரை நுழைத்தபோது
தலைமாட்டில் இரண்டு செருப்புகள்.
"ஓத்திலியா, கேஸ் தீர்ந்துபோச்சு,
பீன்ஸ் பாதி வேக்காட்டில் நிக்குது."
செலெரினாவுக்கு மறுக்க முடியுமா?
போனோம், வந்தோம். என்ஜின் தோசைக்கல்.

மதியம் ஒன்று. வெதுவெதுப்பு.
நாளைக்கு மூவரசர் திருநாள்;
மச்சானுக்குச் சந்தையிலிருந்து
ஆறு வளைய ரொட்டி வர வேண்டும்.
வந்தது. பின்சீட்டெல்லாம் சர்க்கரை.

மாலை ஐந்து. எவோதியோ.
குவாதலூப்பேயில் கச்சேரி.
டூபா முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தது,
அவர் பின்னால்
முழங்கால்கள் காதைத் தொட.
"என்ன அமைதி, என்ன அமைதி" என்றபடியே வந்தார்.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?
நான் பொறுப்பேன்.
இந்தச் சந்து பொறுக்காது.

சாவியைக் காலுறைக்குள் போட்டுக்கொண்டு படுத்தேன்.

விடியற்காலை நாலு.
சக்காத்தேக்காஸில் ஜனவரி என்றால்
பூஃபா குன்றிலிருந்து காற்று
கதவு தட்டாமல் வீட்டுக்குள் வரும்.
என்ஜினைத் தொட்டேன்.
சவம் மாதிரி. கடவுளே, நன்றி.

நெற்றியில் விளக்கு, முழங்கையில் வழியும் எண்ணெய்.
பதிமூன்று ஸ்பேனர்.
கப்பியைப் பின்னோக்கி அரைச்சுற்று:
ஒன்று. இன்னொரு அரை: இரண்டு.
நூறில் பதினைந்து மில்லிமீட்டர்,
என் தலைமயிர் இரண்டின் கனம்.
தகடு உள்ளே போக வேண்டும், மனசில்லாமல்.
வெண்ணெயில் கத்தியாய் அல்ல,
மழையில் நனைந்து ஒட்டிய புத்தகப் பக்கங்களுக்குள்
நகம் போவதுபோல.
நட்டை இறுக்கினால் திருகும் கூடவே நகரும்.
அதனால் கொஞ்சம் தப்பாக வைத்தால்தான்
சரியாய் வந்து நிற்கும்.
கையேட்டில் இது இல்லை.
நாலு முறை கெடுத்துக் கற்றேன்.

மூன்று.
உள்ளிழுப்பது பரவாயில்லை.
வெளியேற்றுவதில் தகடு நுழையவில்லை.
அதைவிட மெல்லியது. நுழையவில்லை.
எல்லாவற்றிலும் மெல்லியது, மூச்சுபட்டால் ஆடுவது,
அதுவும் வாசலில் நின்றுவிட்டது.
நோட்டில் எழுதினேன்:
மூன்று, வெளி: பூஜ்யம்.
எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்,
அட்டை முதுகில் ஈரமாகும்வரை.

எல்லாரும் பாராட்டிய அமைதி இதுதான்.
சூட்டில் நீள்கிற இரும்புக்கு
நீள இடமில்லை.
மூட முடியாமல், சொல்லவும் முடியாமல்
ஒரு வாரம் நெருப்பை
உதட்டில் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

திருகைத் தளர்த்தினேன்.
பிழைக்குமா தெரியாது.
இன்னும் ஐந்நூறு கிலோமீட்டரில்
மறுபடி இங்கே படுத்து அளக்க வேண்டும்.
அப்போதும் பூஜ்யமென்றால்
தலையைக் கழற்ற வேண்டும்,
சம்பளம் இரண்டு மாதம்.

ஆறேகால். சாவி காலுறையில் சூடாய் இருந்தது.
முதல் திருப்பில் இருமல்,
இரண்டாவதில்
டிக்டிக்டிக்டிக்
சந்து முழுக்கத் தட்டச்சு.
மூன்று நாய்கள், பிறகு ஒரு ஜன்னல்.

"மறுபடி கெடுத்துட்டியா?"
"ஆமாம், தோன் எவோதியோ."

கொஞ்ச நேரம் கேட்டார்.
தலையை உள்ளே இழுத்தார், மறுபடி நீட்டினார்.

"சரி, சூடாத்தானே இருக்கு?
டூபா குவாதலூப்பேயிலேயே தங்கிடுச்சு."